முடிந்த வழக்கும் முடியாத வினையும்



சில மாதங்களுக்கு முன் நம் தங்கவயலில் ஒரு பௌர்ணமிக் கூட்டம். பஞ்சசீலம் ஓதி, பிரசங்கமும் தீர்ந்து, பிள்ளைகளுக்குப் பொரி வழங்கிக்கொண்டிருந்த வேளையில் சாம்பியன் ரீப் வட்டாரத்து அம்மையார் ஒருவர் எழுந்து என்னை ஒரு கேள்வி கேட்டார். அவருடைய கணவர் முப்பது வருடம் சுரங்கத்தில் பாறை துளைத்தவர். நுரையீரலில் கல்தூசு படிந்து, மூச்சுக்குத் தவித்து மாண்டவர். அம்மையார் கேட்டது இது: “ஐயா, போபாலில் விஷவாயுவால் செத்தவர்களுடைய கேஸைப் பெரிய கோர்ட்டு மறுபடியும் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டதாமே. கோர்ட்டு முடிந்தது என்று சொன்னால் முடிந்தே போய்விடுமா? நம் தம்மம் என்ன சொல்லுகிறது?”

நான் உடனே ஒரு பதில் சொன்னேன். “அம்மா, பற்றை விடுவதே நிம்மதி, நடந்ததை நெஞ்சில் சுமக்காதீர்கள்” என்றேன். கூட்டம் தலையசைத்தது. அம்மையார் தலையசைக்கவில்லை. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வீடு திரும்பும் வழியில் என் பதில் எனக்கே கசந்தது. அவர் கேட்டது நியாயத்தை. நான் கொடுத்தது தூக்க மருந்து. அந்தக் கடனைத் தீர்க்கவே இதனை எழுதலானேன்.

முதலில் வழக்கின் வரலாற்றை அறிவோம். 1984ஆம் வருடம் டிசம்பர் 2ந் தேதி இரவு, போபால் நகரத்தில் யூனியன் கார்பைடு பூச்சிமருந்துத் தொழிற்சாலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்னும் விஷவாயு வெளிப்பட்டு, உறங்கிக்கொண்டிருந்த ஏழை மக்கள்மேல் கவிந்தது. அவ்வாயுவின் சரக்கைக் குளிர்ச்சியில் வைத்திருக்கவேண்டிய இயந்திரம் பல மாதங்களாக நிறுத்தப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிடும் கோபுரமோ பழுதுபார்ப்பில் கிடந்தது. மறு வருடமே இந்திய சர்க்கார் ஒரு சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்டோர் அனைவருக்காகவும் வழக்காடும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டது. அமெரிக்காவில் 330 கோடி டாலர் கேட்டு வழக்குத் தொடுத்தது. அந்நாட்டுக் கோர்ட்டு, இது இந்தியாவில் நடக்கவேண்டிய வழக்கு என்று 1986இல் திருப்பி அனுப்பிற்று. அடுத்த வருடம் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் அதனைப் பரிசீலனைக்கு எடுக்க மறுத்துவிட்டது. பின்னர் 1989ஆம் வருடம் பிப்ரவரியில், நமது சுப்ரீம் கோர்ட்டில், 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆயிற்று. கேட்டதில் ஏழில் ஒரு பங்கு.

அந்தச் சமரசம் இறந்தோர் சுமார் 3,000 பேர் என்னும் கணக்கின்மேல் எழுந்தது. நஷ்டஈட்டு அதிகாரிகளே பிற்காலத்தில் ஒப்புக்கொண்ட இறப்புகள் 5,295. காயமுற்றோரென ஏற்கப்பட்டோர் ஐந்து லட்சத்துக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோருக்கு முதலில் கிடைத்தது 25,000 ரூபாய். 1991இல் மறுபரிசீலனை கேட்டபோது சுப்ரீம் கோர்ட் சமரசத்தை நிலைநிறுத்தியது. கைவிடப்பட்ட கிரிமினல் வழக்குகளுக்கு மட்டும் உயிர் கொடுத்தது. 2010 டிசம்பரில் மத்திய சர்க்கார், முன்பு போட்ட கணக்குத் தவறு, மேலும் 7,844 கோடி ரூபாய் வேண்டும் என்று விசேஷ மனு ஒன்றைத் தாக்கல் செய்தது. 2023ஆம் வருடம் மார்ச் 14ந் தேதி ஐந்து நீதிபதிகள் அடங்கிய அமர்வு அதனைத் தள்ளுபடி செய்தது. அம்மையார் குறிப்பிட்டது இத்தீர்ப்பையே.

நீதிபதிகள் சொன்ன காரணங்களை நாம் அலட்சியம் செய்யலாகாது. மோசடி நடந்தது என்று நிரூபித்தாலன்றி, இரு தரப்பும் கையெழுத்திட்ட சமரசத்தை உடைக்க முடியாது, இருபது ஆண்டுகளுக்குமேல் கழித்து அதனைக் கிளறுவதற்குத் தக்க காரணம் காட்டப்படவில்லை, பணம் போதாவிடில் குறையைச் சர்க்காரே ஈடுசெய்ய வேண்டும் என்று 1991லேயே சொல்லியிருக்க, தன் கடமையில் தவறிய சர்க்கார் அந்தத் தவற்றையே காரணமாகக் காட்டி வரலாகாது, இவையே அக்காரணங்கள். இவற்றில் அறம் இல்லையென்று யார் கூறுவார்? தீர்ந்த விவகாரம் தீர்ந்ததாகவே நிற்கவேண்டும் என்னும் விதி இல்லாவிட்டால், பணமும் வக்கீலும் உடையவன் தோற்ற வழக்கைத் திரும்பத் திரும்ப எழுப்பி ஏழையைச் சாகடித்துவிடுவான். நிலத் தகராற்றில் தலைமுறைகளை இழந்த குடும்பங்களை நாம் பார்த்ததில்லையா?

சர்க்காரும் கோர்ட்டும் ஒருபுறம் இருக்கட்டும். பகவான் புத்தரே இவ்விதியை ஏற்றிருக்கிறார். விநய பிடகத்தில் பிக்குகளுக்குரிய பாசித்திய விதிகளுள் 63ஆவது விதியைப் பாருங்கள். தம்மப்படி தீர்க்கப்பட்ட விவகாரத்தை, அவ்வாறு தீர்ந்தது என்று தெரிந்தும், மீண்டும் கிளப்புகிற பிக்கு குற்றவாளி என்கிறது அது. சங்கம் ஒற்றுமையாக வாழ, முடிவு முடிவாக இருக்கவேண்டும் என்பதைத் ததாகதர் அறிந்திருந்தார்.

இவ்விதியை முதன்முதல் படித்தபோது, அம்மையாருக்கு நான் சொன்ன பதில் சரியே என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். பின்னர் அதன் விளக்கத்தையும் படித்தேன், மகிழ்ச்சி போயிற்று. தம்மத்துக்கு மாறாகத் தீர்க்கப்பட்டது என்றோ, கூடவேண்டியவர்கள் கூடாத சபையில் தீர்க்கப்பட்டது என்றோ அறிந்து ஒருவன் கிளப்பினால் அவனுக்குக் குற்றமில்லை என்று அங்கே தெளிவாக இருக்கிறது. ஆகவே “முடிந்ததா?” என்று கேட்டு நிற்பது நமது நெறி அன்று. “எப்படி முடிந்தது? யார் முன்னிலையில் முடிந்தது?” என்று கேட்பதே நமது நெறி.

விவகாரங்களைத் தீர்க்கும் முறைகளாகப் பகவான் ஏழினை வகுத்தார். மச்சிம நிகாயத்துச் சாமகாம சூத்திரத்திலும் அவை சொல்லப்படுகின்றன. முதலாவது சம்முகா விநயம்; அதாவது முன்னிலையில் தீர்த்தல். சங்கம் முன்னிருக்கவேண்டும், தம்மமும் விநயமும் முன்னிருக்கவேண்டும், வாதியும் பிரதிவாதியுமாகிய மனிதர்கள் முன்னிருக்கவேண்டும். 1989இல் 47 கோடி டாலர் என்று எழுதப்பட்ட அன்று, அந்த அறையில் கண்ணெரிந்தவர் இருந்தாரா? மூச்சிரைப்பவர் இருந்தாரா? பிள்ளையைப் புதைத்த தாய் இருந்தாளா? அவர்களுக்காகச் சர்க்கார் இருந்தது. சர்க்கார் தாயைப்போல என்று சட்டம் சொல்லிற்று. ஆனால் தாய் கையெழுத்துப் போடுமுன் பிள்ளையை ஒரு வார்த்தை கேட்கவில்லை. சமரசத்துக்குமுன் பாதிக்கப்பட்டோருக்கு அறிவிப்புக் கொடுக்கப்படவில்லை என்பதை அவ்வருடம் டிசம்பரில் வேறொரு தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே குறிப்பிட்டது. 2023இல் தள்ளுபடியான மனுவும் சர்க்காருடையதே. அன்று கையெழுத்திட்டவரே பிற்காலத்தில் போதாது என்று வந்தார்; அவர் தவறு செய்தவர் என்று கோர்ட்டு சொல்லிற்று; இவ்விருவருக்கும் நடுவே நஷ்டமடைந்தவன் வாசலிலேயே நின்றான்.

ஏழாவது முறைக்குத் திணவத்தாரகம் என்று பெயர். புல்லிட்டு மூடுதல் என்று பொருள். நீண்ட சச்சரவில் இருபுறமும் பல குற்றங்கள் குவிந்துபோய், ஒவ்வொன்றையும் கிளறினால் துர்நாற்றமே மிஞ்சும் என்னும் நிலையில், எல்லோரும் கூடி, ஒரே ஒப்புதலில் அனைத்தையும் புல்லிட்டு மூடிவிடலாம். எவ்வளவு கருணையான ஏற்பாடு! ஆயினும் இதற்கும் எல்லைகள் வைத்தார் ததாகதர். கொடிய குற்றங்களைப் புல்லால் மூடக்கூடாது. இல்லறத்தாரைப் பாதித்த குற்றங்களை மூடக்கூடாது. சபையில் இல்லாதவருக்கும், எனக்குச் சம்மதமில்லை என்று வெளிப்படையாகச் சொன்னவருக்கும் இந்த மூடுதல் செல்லாது. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்குமுன் காவியுடுத்த சில நூறு பேருக்காக வைத்த விதி இது. இதை ஒரு நகரத்துக்கே பொருத்தலாமா என்று படித்தவர்கள் கேட்கக்கூடும். விதி சிறிய சபைக்கு ஏற்பட்டது. அதிலுள்ள நியாயம் பெரியது என்பதே என் பதில்.

புல்லுக்கடியில் இருந்தது புல்லுக்கடியிலேயே நிற்கவும் இல்லை. அத்தொழிற்சாலையில் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு, மத்தியப்பிரதேச உயர் நீதிமன்றம் கண்டித்து உத்தரவிட்ட பின்னரே, 2025 ஜனவரியில் லாரிகளில் ஏற்றி, எரிப்பதற்காகப் பீதம்பூருக்குக் கொண்டுசெல்லப்பட்டது. விபத்துக்கும் அதற்கும் இடையே நாற்பது ஆண்டுகள். நஷ்டஈட்டு வழக்கு ஐந்தாம் வருடத்தில் முடிந்தது. நஞ்சு நாற்பதாம் வருடத்திலும் இருந்தது.

சரி, யார் பதில் சொல்லவேண்டும்? இங்கேதான் கம்பெனி என்னும் பொருளின் வினோதம் விளங்குகிறது. யூனியன் கார்பைடு தன் இந்தியக் கம்பெனியின் பங்குகளை 1994இல் வேறொருவருக்கு விற்றது. அக்கம்பெனிக்கு எவரெடி என்று பெயர் மாறிற்று. 2001இல் யூனியன் கார்பைடையே டௌ கெமிக்கல் என்னும் கம்பெனி வாங்கிற்று. அந்தத் தொழிற்சாலையை நாங்கள் ஒருநாளும் நடத்தியதில்லை, பொறுப்பு எங்களுடையதன்று என்பது டௌவின் வாதம். சட்டத்தில் இதற்கு இடமுண்டு. 1897இல் இங்கிலாந்தில் சாலமன் என்னும் பூட்ஸ் வியாபாரியின் வழக்கில் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்ததிலிருந்து, கம்பெனி வேறு, அதன் சொந்தக்காரன் வேறு. கம்பெனி தானே ஒரு தனி ஆள் என்பது உலகமெங்கும் சட்டமாயிற்று.

மிலிந்த ராஜனும் இதே சந்தேகத்தை நாகசேன தேரரிடம் கேட்டான். “மறுபிறப்பு எடுப்பவன் அவனேயா, வேறொருவனா?” என்றான். “அவனும் அல்லன், வேறொருவனும் அல்லன்” என்றார் தேரர். அப்படியானால் பழைய தீவினையிலிருந்து தப்பித்தான் அல்லவா என்று ராஜன் மடக்கினான். அதற்குத் தேரர் சொன்ன உவமைகள் சட்டக்கல்லூரியில் வைத்துப் படிக்கத்தக்கவை. ஒருவன் மாங்கனி திருடினான். பிடிபட்டதும், தோட்டக்காரன் நட்டது ஒரு மாங்கொட்டை, நான் எடுத்தது வேறு மாங்கனி என்று வாதாடினான். விட்டுவிடுவாயா, ராஜனே? இன்னொருவன் மாடியில் விளக்கேற்றி உணவு உண்டான். விளக்கு கூரையைப் பற்றியது. கூரை வீட்டை, வீடு ஊரைப் பற்றியது. ஊரார் பிடித்தபோது, நான் சாப்பிட ஏற்றிய நெருப்பு வேறு, ஊரை எரித்த நெருப்பு வேறு என்றான். அவனை விடுவாயா? மாட்டேன் என்றான் மிலிந்தன். ஏன்? இந்த நெருப்பு அந்த நெருப்பிலிருந்தே வந்தது.

கம்பெனியும் அவ்வாறே. அது அநாத்மம்தான், பிடித்துக் காட்ட ஒரு உயிர் அதில் இல்லை. பங்குப் பத்திரமா கம்பெனி? கட்டடமா? மானேஜரா? தேரின் சக்கரத்தையும் அச்சையும் பிரித்துப் பிரித்து இதுவா தேர் என்று நாகசேனர் கேட்டதுபோல் கேட்டுக்கொண்டே போகலாம். வழக்கத்திற்காக வைத்த பெயர் அது. ஆனால் லாபம் வாங்கும்போது அந்தப் பெயரை உண்மை என்று பிடித்துக்கொண்டு, கடன் வரும்போது மட்டும் அநாத்மம் பேசுவது தம்மம் ஆகாது. சேதனையே கம்மம், அதாவது எண்ணித் துணிவதே வினை, என்றார் பகவான். கம்பெனிக்கு மனமில்லை, உண்மை. குளிர்விக்கும் இயந்திரத்தை நிறுத்து என்று சொன்ன வாய்க்கு மனமிருந்தது. செலவு மிச்சம் என்று எழுதிய கைக்கு மனமிருந்தது. இந்திய அதிகாரிகள் சிலருக்கு 2010 ஜூனில் போபால் கோர்ட்டு இரண்டு வருடத் தண்டனை விதித்தது. அமெரிக்கத் தலைவர் எந்தக் கோர்ட்டிலும் விசாரணைக்கு நிற்காமலேயே 2014இல் காலமானார்.

இந்த விஷயம் எனக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று. நான் பஞ்சாலையில் ரிங் பிரேம் முன் நின்றவன். ஆலை கைமாறியபோது எங்கள் பாக்கிச் சம்பளத்தைப் பற்றிக் கேட்கப் போனோம். “அது பழைய கம்பெனி விஷயம்” என்றார் புதிய மானேஜர். மெஷின் அதே மெஷின். சங்கும் அதே சங்கு. சுவரில் பான் எச்சில் கறைகூட அதே கறை. லாபம் தருவதெல்லாம் புதிய கம்பெனிக்கு வந்து சேர்ந்தது. பாக்கி ஒன்றுமட்டும் பழைய கம்பெனியோடு செத்துப்போயிற்று.

நம் தங்கவயலையே பாருங்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனியார் தோண்டத் தொடங்கினர். 1956இல் மைசூர் சர்க்கார் எடுத்தது. 1962இல் மத்திய சர்க்காருக்குப் போயிற்று. 1972இல் பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி என்று பெயர் பெற்றது. 2001 மார்ச்சு முதல் மூடப்பட்டது. தொழிற்சங்கங்கள் உயர் நீதிமன்றத்திலும் சுப்ரீம் கோர்ட்டிலும் பல்லாண்டு வழக்காடின. வழக்குகளைப் பற்றி இங்கே விரித்தால் இப்பத்திரிகை போதாது. பெயர்கள் மாறின, மாறாதது சயனைட் மேடு. தங்கம் பிரித்தபின் கொட்டிய மண் 13 மேடுகளாக, ஆயிரம் ஏக்கருக்கு, மூன்று கோடி டன்னுக்கும் மேலாகக் கிடக்கிறது. கோடைக்காற்று அடித்தால் அந்தத் தூசு நம் சோற்றுப் பானையில் விழுகிறது. அம்மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்க அனுமதிக்கும் மத்திய சர்க்காரின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை இசைந்தது. மேட்டிலுள்ள தங்கத்துக்கு வாரிசு கிடைத்துவிடும். மேட்டிலுள்ள தூசுக்கு வாரிசு யார்?

நம்மவரிடையே ஒரு விபரீதப் பேச்சு உலவுகிறது, அதனையும் சொல்லிவிடுகிறேன். “அவர்கள் முற்பிறப்பில் செய்த பாவம், போபாலில் பிறந்தார்கள், நாம் செய்த பாவம், குழியில் இறங்கினோம்” என்பார் சிலர். பௌத்தராகிய பின்னும் இந்தப் பேச்சா? இதே வார்த்தையைச் சொல்லித்தானே நம் பாட்டன்மாரைச் சேரியில் வைத்தார்கள்? மோலிய சீவகன் என்னும் பரிவிராஜகன், மனிதன் நுகரும் துன்பமெல்லாம் முன்வினையா என்று கேட்டபோது, பித்தத்தால் வருவதுண்டு, கபத்தால் வருவதுண்டு, வாதத்தால், பருவ மாற்றத்தால், பிறர் தாக்குவதால் வருவதுண்டு. அனைத்தும் முன்வினை என்போர் கண்ணால் கண்டதற்கும் உலகம் ஒப்புக்கொண்டதற்கும் மாறாகப் பேசுகிறார்கள் என்றார் பகவான். பாபாசாகேப் அம்பேத்கரும் தம் ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் இந்த முன்வினைக் கோட்பாட்டையே எதிர்த்து வாதித்தார். வினை என்பது செய்தவனைத் தொடர்வது; அடிபட்டவன்மேல் சுமத்துவதற்கு ஏற்பட்டதன்று.

செய்தவனைத் தொடரும் என்பதற்கு அங்குலிமாலரைவிடச் சாட்சி வேண்டுமோ? கொலைகாரனாயிருந்தவர் பிக்குவானார். கோசல மன்னன் பசேனதி அவரைப் பிடிக்க வந்து, வணங்கி, வழக்கை விட்டுவிட்டுத் திரும்பினான். ராஜாவின் கோர்ட்டில் அந்த வழக்கு அன்றோடு முடிந்தது. அவர் அரகந்தரும் ஆனார். ஆயினும் பிச்சைக்குப் போன இடத்தில் யாரோ எறிந்த கல்லும் கட்டையும் அவர்மேல் விழுந்தன. தலை உடைந்து, பாத்திரம் உடைந்து, சீவரம் கிழிந்து வந்தார். நான் மன்னனால் விடப்பட்டவன் என்று அவர் வாதாடவில்லை. பொறுத்துக்கொள் என்றார் ததாகதர், அவர் பொறுத்துக்கொண்டார். “பொறுத்துக்கொள்” என்ற அந்த வார்த்தை யாரிடம் சொல்லப்பட்டது என்று கவனித்தீர்களா? செய்தவரிடம். நானோ அதே வார்த்தையை அம்மையாரிடம் சொன்னேன்.

பகையைப் பற்றிப் பகவான் அருளியதை நாம் நாள்தோறும் ஓதுகிறோம். பகையை விடவேண்டும், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. நீதிபதிகளைத் திட்டுவதாலோ, ஒரு கம்பெனியின் பெயரைச் சொல்லி மண்ணை வாரித் தூற்றுவதாலோ நமக்கும் நன்மையில்லை, போபாலாருக்கும் நன்மையில்லை. ஆனால் பகையை விடுதல் வேறு; பாக்கியை விடுதல் வேறு. நெஞ்சில் எரிச்சல் இல்லாமலேயே ஒருவன் தன் பாக்கியைக் கேட்கலாம். அப்படிக் கேட்பதே கேட்கப்படுகிறவனுக்கும் நன்மை. வினை முற்றிப் பழுக்குமுன் அதனைத் தீர்க்க அவனுக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைக்கிறது. தீர்ப்பு சொன்னவர்கள் சட்டத்தின் கதவைச் சாத்தினார்கள். சாத்த அவர்களுக்கு அதிகாரம் உண்டு. குறையை ஈடுசெய்யும் பொறுப்பு சர்க்காருடையது என்று 1991இல் எழுதப்பட்ட வாசகம் அப்படியே இருக்கிறது. அந்தக் கதவு சாத்தப்படவில்லை.

அம்மையாரை மறுபடி பார்த்து இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்படியானால் மேட்டை விற்கிற அன்று நாங்கள் எதிரே இருக்கவேண்டும், அவ்வளவுதானே?” என்றார். நான் ஒரு மாதம் ஏடு புரட்டிக் கண்டது அவருக்கு ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது.

ஆதலின் உபாசக உபாசிகைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தூசு நோயால் இறந்தவர் இருந்தால், அவர் பெயர், வேலைசெய்த குழி, டோக்கன் நம்பர், வேலையில் சேர்ந்த வருடம், இறந்த வருடம் ஆகியவற்றை எழுதி, டாக்டர் சீட்டு இருந்தால் அதன் நகலோடு, வரும் பௌர்ணமிக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் அம்மையார் தம் கணவர் பெயரை எழுதியிருக்கிறார்.